குடை வந்தாளா?

ஜூன் 4

வணக்கம்.

இந்தக் கடிதத்தின் தலையில் என்ன எழுதுவது என்று யோசித்தே அரை நாள் போய்விட்டது. அக்கா என்று எழுதினால், நீங்கள் என் அண்ணனைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முந்தைய காலத்திலேயே நாம் இன்னும் இருக்கிற மாதிரி நடிக்க வேண்டும். அண்ணி என்று எழுதினால் நீங்கள் கிழித்துப் போடுவீர்கள். கோர்ட்டில் எல்லாம் முடிந்தபின் அந்த வார்த்தைக்குத் தடை போட்டதே நீங்கள்தான். மேடம் என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். அதனால் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். உங்கள் போன் நம்பரும் மாறிவிட்டது. நீங்கள் இப்போது பாடம் நடத்தும் பயிற்சி நிலையத்தின் முகவரிதான் கிடைத்தது. தபால் உறை வாங்கப் போனால் கவுன்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

விஷயம் ஆபீஸ் விஷயம்தான். நீங்கள் விட்டுப்போன ஆஸ்பத்திரி புரோகிராம் இப்போது என் தலையில். நெருங்கிய உறவினரை மட்டும் வார்டுக்குள் விடும் அந்த வாசல் கதவு ஞாபகம் இருக்கும். போன மாதம் ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டார்கள் என்று ‘வளர்ப்பு மகள்’ என்று ஒரு புது உறவு வகைக்கு கிளாஸ் எழுதினேன். ‘மகள்’ கிளாஸின் கீழேயே வைத்தேன். மகளுக்கு உள்ளதெல்லாம் அவளுக்கும் உண்டு. ஆனாலும் திங்கட்கிழமை ஒரு பெண் அடையாள அட்டையைத் தேய்த்தால் விளக்கு சிவப்பாகவே எரிகிறது. உறவு இல்லை என்கிறது. அவள், “நான் மகதாங்க, நான் மகதாங்க” என்று சொல்லிக்கொண்டே நிற்கிறாள். காவலாளி பாவம், “நான் நம்பறேம்மா, இந்த மெஷின் நம்ப மாட்டேங்குது” என்கிறார்.

திறந்து பார்த்தேன். வாசல் ஃபைலில் நீங்கள் ரிஃப்ளெக்‌ஷன் என்று ஏதோ செய்து வைத்திருக்கிறீர்கள். மேலே ஒரு குறிப்பு: “இது தற்காலிகம், அடுத்த வாரம் மாற்றிவிடுவேன்.” எந்த வாரம் என்று போடவில்லை. அந்தப் பகுதியைப் பின்பக்கம் கையால் எழுதி அனுப்பியிருக்கிறேன். புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

வாலு


ஜூன் 11

வாலு,

கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு புரோகிராமைத் தபாலில் அனுப்புகிற ஒரே ஜீவன் நீதான். கடைசி வரியில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்திருக்கிறாய். கையெழுத்து போடாமல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன்.

சொல்கிறேன், கேள். வாசலுக்கு வருகிற எல்லோரும் ‘பார்வையாளர்’ என்ற ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். சட்டைக்குள் இருப்பது மகனா மனைவியா மாமனா என்பது புரோகிராம் எழுதும்போது நமக்குத் தெரியாது. ஓடும்போதுதான் தெரியும். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த ஆளாக உள்ளே நிற்கிற ஆப்ஜெக்டைப் பிடித்து நிறுத்தி, “நீ எந்த கிளாஸ், உனக்கு என்னென்ன செய்யத் தெரியும்” என்று அதனிடமே கேட்பதற்குப் பெயர்தான் ரிஃப்ளெக்‌ஷன். கண்ணாடியைக் காட்டி முகத்தைப் படிக்கிற வேலை.

நான் அதில் போய் மிக மட்டமான கேள்வியைக் கேட்டு வைத்திருக்கிறேன். “உன் கிளாஸின் பெயர் என்ன?” அந்தப் பெண் நேர்மையாக ‘வளர்ப்பு மகள்’ என்றாள். நான் அதை ‘மகள்’ என்ற எழுத்துகளோடு ஒப்பிட்டேன். எழுத்து ஒத்துப்போகவில்லை, விளக்கு சிவப்பு. “நீ எந்த வகையிலாவது மகள்தானா?” என்று கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லி உள்ளே போயிருப்பாள். கேள்வியை மாற்று, சரியாகிவிடும். அன்றைக்கு எனக்கு அவசரம். அடுத்த வாரம் என்று எழுதியது உண்மையான எண்ணத்தோடுதான்.

இனி என் கேள்வி. ஆஸ்பத்திரிப் புகார் என்றால் ஆபீஸுக்கு மெயில் வரும், இரண்டு வரி இருக்கும். நீயோ காவலாளி பேசியதை அவர் குரலோடு எழுதியிருக்கிறாய். திங்கட்கிழமை நீ அந்த வார்டு வாசலில் நின்றிருக்கிறாய். புரோகிராம் எழுதுகிறவளுக்கு வாசலில் என்ன வேலை? யாருக்கு உடம்பு சரியில்லை?


ஜூன் 16

உங்களிடம் ஒன்றை மறைக்க முடிகிறதா பாருங்கள்.

அப்பாவுக்குத்தான். போன மாதம் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது என்றார்கள். கை கால் நன்றாகத் தேறிவிட்டது, பயப்படாதீர்கள். பேச்சுதான். பேச்சு போகவில்லை, அதுதான் வேடிக்கை. வார்த்தைகள் இடம் மாறிவிட்டன. ஸ்பூனைச் சாவி என்கிறார். சீப்பைப் பேனா என்கிறார். என்னை டாக்டர் என்கிறார், டாக்டரை “தம்பி, கண்டக்டர்” என்கிறார். பஸ் நிலையத்தில் மைக்கைப் பிடித்து எந்த வண்டி எங்கே போகும் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த மனிதர்! முதல் நாள் அண்ணன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். சாவி என்று சொல்லிக் கேட்கிறாரே தவிர, கையில் கொடுத்தால் பூட்டில் நுழைக்கப் போவதில்லை. ஒழுங்காகக் கஞ்சி குடிக்கிறார். பேனா என்று சொன்னதால் தலையை வாராமல் விடவில்லை, வகிடு எடுத்து வாருகிறார். பெயர் மட்டும் தப்பு, பொருள் என்ன செய்யும் என்பது அப்படியே இருக்கிறது. உங்கள் வாசல் பெயரைப் பார்த்து ஏமாந்தது. அப்பா பெயரைத் தொலைத்துவிட்டு ஏமாறாமல் இருக்கிறார்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. குடை. காலையில் எழுந்ததும் குடை, சாப்பிடும்போது குடை, என்னைப் பார்த்ததும் குடை. அண்ணன் வீட்டிலிருந்த கறுப்புக் குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தான். கையால் தள்ளிவிட்டார். கடையில் புதிதாக மடக்குக் குடை வாங்கினான். அதை வாங்கி ஜன்னலோரம் எறிந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊன்றுகோலாக இருக்குமோ என்று ஊன்றுகோல், போர்வையாக இருக்குமோ என்று போர்வை. வார்டு சிஸ்டர், “இன்னும் ரெண்டு நாள் போனா இங்க கடையே போட்டுடலாம்” என்கிறார். அது கிடைக்காததால் பேச்சுப் பயிற்சிக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார். பயிற்சி தரும் பெண் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார்.

உங்களை வரச் சொல்லி இதை எழுதவில்லை. அவரோடு நீங்கள்தான் தினமும் குறுக்கெழுத்துப் போட்டீர்கள். ஏதாவது தோன்றுமா என்று கேட்கிறேன்.

வளர்ப்பு மகள் உள்ளே போய்விட்டாள். நன்றி.

வாலு


ஜூன் 22

வாலு,

கடிதத்தை வகுப்பில் வைத்துப் பிரித்துத் தொலைத்தேன். பிறகு பசங்களுக்கு ஏதோ பயிற்சி கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். விழுந்து இத்தனை நாள் கழித்து, அதுவும் புரோகிராமைக் காட்டி மறைத்துச் சொல்கிறாய். கோபமாக இருக்கிறது. கோபத்தை அப்புறம் எழுதுகிறேன், முதலில் குடை.

நீ எனக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு பெயர்ச்சொல். அதே தப்பு. குடை என்றார், குடையைக் கொடுத்தீர்கள். நானும் பெயரை ஒப்பிட்டுத்தானே வாசலைக் கெடுத்தேன்? பெயர் பொய் சொல்கிறது என்று தெரிந்தபின் அந்த ஆப்ஜெக்டிடம் வேறு எதைக் கேட்போம்? அதன் மெத்தட்டுகளை. அதாவது அதற்கு என்னென்ன செய்யத் தெரியும் என்பதை. அது சாப்பிடுமா, நடக்குமா, மடக்கினால் மடங்குமா?

அவர் வெறுமனே குடை என்று மட்டுமா சொல்கிறார்? முழு வாக்கியம் என்ன? “குடை எங்கே இருக்கு” என்கிறாரா, “எங்கே இருக்கா” என்கிறாரா? வந்துச்சா, வந்தானா, வந்தாளா, வந்தாங்களா? நாம் பேசுகிற மொழியில் ஒவ்வொரு வினைச்சொல்லும் தன் வாலில் ஒரு வகைச் சோதனையைக் கட்டிக்கொண்டுதான் வருகிறது. பொருளா ஆளா, ஆணா பெண்ணா, மரியாதை கொடுக்க வேண்டிய ஆளா, வாடி போடி என்று பேசுகிற ஆளா, எல்லாம் அந்தக் கடைசி எழுத்தில் இருக்கிறது. பெயர்கள் குழம்பியவருக்கு வினை குழம்பியிருக்கிறதா என்று பார்த்தாயா? ஸ்பூனைச் சாவி என்றவர், “சாவி விழுந்துடுச்சு” என்றாரா, “விழுந்துட்டான்” என்றாரா?

போய்ச் சும்மா உட்கார். கேள்வி கேட்காதே, எதையும் கையில் திணிக்காதே. வினையை மட்டும் கேள்.

இன்னொன்று. ரிஃப்ளெக்‌ஷன் கையில் இருந்தால் ஆப்ஜெக்ட் வெளியே காட்டாமல் ஒளித்து வைத்ததையும் படிக்க முடியும். முடியும் என்பதற்காகப் படிப்பது கதவைத் தட்டாமல் உள்ளே போவது மாதிரி. அவர் சொல்ல விரும்பாததைத் தோண்டாதே.

கஞ்சியில் உப்பு குறைத்துப் போடுகிறார்களா? அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் குறைத்தே போடட்டும்.


ஜூலை 1

உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

வினை குழம்பவே இல்லை! “சாவி விழுந்துடுச்சு” என்கிறார். “கண்டக்டர் வந்தாரா” என்று டாக்டரைப் பற்றிக் கேட்கிறார். என்னை “இந்த டாக்டர் சொன்னா கேக்க மாட்டா” என்று சிஸ்டரிடம் புகார் சொல்கிறார். பொருளுக்குப் பொருள், ஆளுக்கு ஆள், ஓர் இடத்திலும் பிசகவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் சொன்னேன். அவள் உடனே ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஓடினாள்.

பிறகு குடை. மதியம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கதவைப் பார்த்துக் கேட்டார். நன்றாகக் காதில் விழுந்தது.

“குடை வந்தாளா?”

வந்தாளா! இத்தனை நாள் ஒரு பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், நாங்கள் கம்பியும் துணியுமாகக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம். அதுவும் வந்தாங்களா இல்லை, வந்தாளா. அவரைவிடச் சின்னவள், அல்லது உரிமையோடு பேசுகிற ஆள்.

முதலில் அம்மா என்று நினைத்துவிட்டேன். அம்மா போய் இவ்வளவு காலம் ஆகிவிட்டது, போனதையே மறந்துவிட்டாரோ என்று பயந்து போனேன். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் மீண்டும் உட்கார்ந்தேன். “குடைக்கு ஆபீஸ் விட்டாச்சா?” என்றார். அம்மா ஆபீஸ் போனதே இல்லை. அடுத்த நாள் ஞாயிறு. சிஸ்டர் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தார். அப்பா உதட்டில் விரலை வைத்து, “மெதுவா. குடை தூங்கட்டும். லீவு நாளு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை மாடி அறையில் தூங்கியது யார்? காபி ஆறுகிறது என்று நான் கத்தினால் என்னை அடக்கியது யார்?

உங்களைத்தான் கேட்கிறார்.

அண்ணன் பக்கத்தில் இருந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. எழுந்து போனான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, “எழுது அவளுக்கு. காலைல அவ வரட்டும், நான் சாயங்காலம் வந்துக்கறேன். எதிர்ல படமாட்டேன்னு சொல்லு” என்றான்.

அடுத்த மாதத்துக்குள் கழுத்து ரத்தக்குழாயில் ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அதற்கு முன்னால் ஒருமுறை வாருங்கள். வாசலில் உங்களுக்கு என்ன விளக்கு எரியும் என்று எனக்குத் தெரியும். மருமகள் என்றால் குடும்பப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும், இல்லை என்று சொல்லிவிடும். ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், நான் சேர்த்துவிடுகிறேன்.

வாலு


ஜூலை 6

வாலு,

எனக்காக ஒரு வரிகூட மாற்றாதே. ஓர் ஆளுக்காக வாசலில் ஓட்டை போட்டால் அது வாசல் இல்லை. அதை எழுதியவள் சொல்கிறேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். குடைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய்ச்சி செய்யாதே. ஸ்பூனுக்கும் சாவிக்கும் என்ன சம்பந்தம்? கைக்கு அகப்பட்ட வார்த்தை, அவ்வளவுதான். என்னைக் குடை என்று கூப்பிட்டதில் உருகிப்போய் எதுவும் எழுதிவிடாதே.

நான் வர முடியாததற்குக் காரணம் உன் அண்ணன் இல்லை. உன் அப்பா கேட்பது மாடி அறையில் தூங்குகிறவளை. ஆபீஸ் விட்டு வருகிறவளை. அந்த ஆள் இப்போது இல்லை. நான் போய் நின்றால், வீடு பழையபடியே இருக்கிறது என்று அவர் நம்பிக்கொள்வார். அவர் குணமானபின் யார் போய் அதைத் திருத்துவது? உடம்பு சரியில்லாதவரிடம் அவர் மருமகளாக நடிக்க எனக்கு வராது. வேறு யாராக வந்து நிற்பது என்றும் தெரியவில்லை. மகனோடு எனக்கிருந்தது முடிந்தது. அதன் வழியாக வந்த எல்லோரையும் நான் சேர்த்துத்தான் இழந்திருக்கிறேன். சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. என் புரோகிராமும் அப்படித்தான்.

மீட்டிங் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கூப்பிடாதே என்று நான் சொன்ன மறு வாரமே, வாடிக்கையாளர்கள் எதிரே வாய் தவறி, “அண்ணி, அந்த ஃபைல்…” என்றாய். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். அதனால்தான் நான் வேலையை விட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய் என்று தெரியும். நீ கூப்பிட்டதற்காக நான் போகவில்லை. நீ கூப்பிட்டதும் நான் “ம்?” என்று திரும்பினேன் பார், அதற்காகப் போனேன். கோர்ட்டு, கையெழுத்து, எல்லாம் முடிந்தபின்னும் அந்த வார்த்தைக்கு என் கழுத்து தானாகத் திரும்பியது. இன்னும் கொஞ்ச நாள் அங்கே இருந்தால் திரும்பிக்கொண்டே இருப்பேன் என்று தோன்றிவிட்டது.

அவர் சாப்பிடுகிறாரா என்று மட்டும் எழுது.


ஜூலை 12

சாப்பிடவில்லை. போதுமா?

கோபத்தில்தான் எழுதுகிறேன். அவர் பழசையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். இருநூறு மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு! நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வினையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

“குடை போயிட்டா. இவன் பேசல. அவளும் பேசல. பாவம் ரெண்டும். வர மாட்டாளா?”

போயிட்டா. இறந்தகாலம். அவருக்கு எல்லாம் தெரியும். நீங்கள் பிரிந்தது தெரியும், வீட்டில் இல்லை என்பது தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். ஆபீஸ் விட்டாச்சா என்பது நீங்கள் எங்கேயோ ஓர் ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக் கேட்டது. மாடி அறை எல்லாம் நான் சேர்த்துக்கொண்டது. அவர் “தூங்கட்டும்” என்றுதான் சொன்னார்.

வாசலைப் பற்றியும் சொல்கிறேன். உங்களுக்காக ஒரு வரியும் மாற்றவில்லை. ஆனால் அந்த ஃபைலை முதலிலிருந்து உட்கார்ந்து படித்தேன். இது மகளா, இல்லையென்றால் மகனா, இல்லையென்றால் மனைவியா என்று பக்கம் பக்கமாகப் போகிறது. வருகிறவரைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்கிறது. படுத்திருக்கிறவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். கல்யாணம் ஆகாதவர், சொந்தக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவரோடு காலமெல்லாம் வண்டியில் போன கிளீனர் தினமும் வந்து வாசலில் நின்று காவலாளியிடம் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவருக்கு உங்கள் புரோகிராமில் கிளாஸே கிடையாது.

ஆஸ்பத்திரி மேலாளரிடம் பேசினேன். வாதாடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். “யார் வேணும்னாலும் உறவுன்னு சொல்லி நுழைஞ்சா?” என்றார். நியாயமான கேள்விதான். அதனால் இப்படி முடிவானது: பதிவில் இல்லாத ஆள் வந்தால் சிஸ்டர் கண்ணாடிக் கதவு வழியாக அந்த ஆளை நோயாளிக்குக் காட்டிக் கேட்க வேண்டும். நோயாளி ஒத்துக்கொண்டால்தான் சிஸ்டர் பொத்தானை அழுத்துவார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நடைமுறை. கிளீனருக்கு இது, லாரி டிரைவருக்கு இது. உங்களுக்கு வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.

ஆபரேஷன் தள்ளிப்போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வியாழக்கிழமை. பேச்சு இதைவிடக் குறையலாம், அதற்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குமேல் என்ன ஆகலாம் என்பதையும் அந்தத் தாளில் எழுதியிருந்தார்கள். நான் முழுவதும் படிக்கவில்லை.

வாலு


ஜூலை 20, செவ்வாய்

வாலு,

நீ ஆபீஸில் இருப்பாய். நான் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இந்த வார்டில் போன் கூடாதாம், சிஸ்டரிடம் தாள் வாங்கி எழுதுகிறேன். சாயங்காலம் நீ வரும்போது காவலாளி கொடுப்பார்.

விடிந்ததும் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தேன். வழியெல்லாம் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டேதான் வந்தேன், மறைக்கவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் கையில் பழப்பையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார். கிளீனராகத்தான் இருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு போனார்.

என் அட்டைக்குச் சிவப்பு. நான் எழுதிய விளக்கு என் முகத்திலேயே எரிந்தது. சிஸ்டர் வந்து கண்ணாடிக் கதவுக்கு முன்னால் என்னை நிறுத்தினார். உள்ளே கட்டில் தெரிந்தது. மெலிந்துவிட்டார், நீ எழுதியதைவிட. தலை மட்டும் வகிடு எடுத்து வாரியிருந்தது.

உன் புரோகிராமில் ஒரு பிழை இருக்கிறது. ஒத்துக்கொண்டார் என்று பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் உறவு என்ன என்று நிரப்பச் சொல்கிறது. காலியாக விட்டால் மேலே நகராது. திரையில் உறவு கேட்கும் பழைய பெட்டியை எடுக்க மறந்திருக்கிறாய். கிளீனருக்கு நேற்று எப்படி நிரப்பினீர்கள் என்று சிஸ்டரைக் கேட்டேன். “அண்ணன்னு போட்டேன், வேற என்ன செய்யறது?” என்றார். பிறகு, “நீங்களும் ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா, போட்டுடறேன்” என்றார்.

வகை வகையாக இத்தனை கிளாஸ் எழுதியவளுக்கு ஒன்றும் பொருந்தவில்லை. “அவரையே கேளுங்க” என்றேன்.

சிஸ்டர் கதவைத் திறந்து, என்னைக் கைகாட்டி, கொஞ்சம் சத்தமாகக் கேட்டார்:

“ஐயா, இவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

அவர் என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது, வார்த்தை தேடுவது தெரிந்தது. சிஸ்டர் பொறுமை இல்லாமல், “மகளா? மருமகளா? தங்கச்சி மகளா? என்ன வேணும்?” என்றார். அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. அப்போதுதான் கட்டிலை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார்.

“வேணும்.”

சிஸ்டர், “அதான் என்ன வேணும்னு கேக்கறேன்” என்றார்.

“வேணும்,” என்றார் மறுபடியும், அந்தப் பழைய பஸ் நிலையக் குரலில். லாரி டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். “வேணும்.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். “சரி, உள்ள போங்க. அந்தப் பொண்ணு வந்து மெஷினைச் சரி பண்ணட்டும்” என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

கஞ்சி குடித்தார். பயிற்சிப் பெண் வந்தபோது கண்ணை மூடவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்வரை நான் இங்கேதான். அதற்கப்புறம் என்ன என்று எனக்கும் தெரியாது, நீயும் கேட்காதே. உன் அண்ணன் சாயங்காலம் வரட்டும். எழுந்து வெளியே போக மாட்டேன், நாற்காலி இரண்டு இருக்கிறது. உறவு என்ற அந்தப் பெட்டியில் கட்டாயம் என்பதை எடுத்துவிடு. இன்றைக்கே எடு.

எழுத்து இதற்குமேல் கோணலாக இருந்தால் திட்டாதே. தூங்குகிறார் என்று நினைத்தேன், விழித்துக்கொண்டார். வலது கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார். இடது கையால்